எச்சரிக்கைக்கு விலை வைக்கலாமா?

சிறு விமானம் ஒன்றைத் தாமே ஓட்டிச் செல்லும் ஒருவர், தமது பயணப் பாதைக்கென்றே தயாரிக்கப்பட்ட வானிலை முன்னறிவிப்பைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, அல்லது அதை அரசே இலவசமாகத் தர வேண்டுமா? முதல் பார்வையில் இது வசதி படைத்த சிலரின் பொழுதுபோக்கைப் பற்றிய கேள்வியாகத் தோன்றும். ரேஷன் அரிசியையும் பேருந்துக் கட்டணத்தையும் விவாதிக்க வேண்டிய இடத்தில் இதற்கென்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். ஆனால், பொதுநிதியியலைப் பல்லாண்டுகள் கற்பித்தவன் என்ற முறையில், இதைப் பெரியதொரு கேள்வியின் தெளிவான மாதிரி வடிவமாகவே நான் பார்க்கிறேன். உயிரைக் காக்கும் தகவலுக்கு யார் விலை கொடுப்பது, எந்த வகையில் கொடுப்பது என்பதே அந்தப் பெரிய கேள்வி.

இக்கேள்வி கூர்மையாக எழுந்திருக்கும் நாடு அமெரிக்கா. விமான நிறுவனங்களுக்கும் ராணுவத்துக்கும் சொந்தமல்லாத விமானங்கள் அங்கே 2 லட்சத்துக்கும் மேல் உள்ளன. பொதுமக்களின் பயன்பாட்டுக்குத் திறந்திருக்கும் விமானத் தளங்கள் ஏறத்தாழ 5,000. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் கட்டுப்பாட்டுக் கோபுரமே கிடையாது. விவசாயி, மருத்துவர், வணிகர், ஓய்வுபெற்ற ஆசிரியர் எனப் பலதரப்பட்டவர்களும் உரிமம் பெற்று நான்கு இருக்கை விமானங்களை ஓட்டுகிறார்கள். பெரிய விமான நிறுவனத்தின் விமானிக்குப் பின்னால் பயணத் திட்ட அலுவலர்களும் வானிலை நிபுணர்களும் இருக்கிறார்கள். இவர்களுக்கு அத்தகைய துணை எதுவும் இல்லை. புறப்படலாமா, வேண்டாமா என்பதைத் தனியாக முடிவுசெய்ய வேண்டியவர்கள் இவர்கள்.

அந்த முடிவு எவ்வளவு கடுமையானது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு சான்றாகிறது. 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில், கருவிகளை மட்டும் நம்பி விமானம் ஓட்டும் பயிற்சி பெறாத 20 பேர், வெளியே எதுவும் தெரியாத மேகச் சூழலைப் போன்ற நிலைக்கு உட்படுத்தப்பட்டார்கள். 20 பேரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சராசரி நேரம் 178 விநாடிகள். மூன்று நிமிடம்கூட இல்லை. அடிவானம் கண்ணுக்குத் தெரியாதபோது நம் உள்காது நம்மை ஏமாற்றுகிறது. விமானம் சாய்ந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும்போதும் நேராகப் பறப்பதாகவே உடல் உணர்கிறது. ஆகவே, இத்தகைய விமானிக்கு மேகம் எங்கே, எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு இறங்கும் என்பது உயிர் சார்ந்த தகவல்.

மூன்று அடுக்குகள்

வானிலைத் தகவல் என்று நாம் ஒரே சொல்லில் குறிப்பிடுவது உண்மையில் மூன்று வேறு பொருள்கள். அவற்றைப் பிரித்துப் பார்க்காததாலேயே இந்த விவாதம் பெரும்பாலும் குழம்பிவிடுகிறது.

முதலாவது, அவதானிப்பு. செயற்கைக்கோள், ரேடார், வளிமண்டலத்துள் அனுப்பப்படும் பலூன்கள், விமானத் தளங்களில் உள்ள கருவிகள் ஆகியவை திரட்டும் தரவு இது. இரண்டாவது, பொது முன்னறிவிப்பு. கணினி மாதிரிகளின் துணையோடு, ஒரு விமானத் தளத்துக்கு அல்லது ஒரு பரப்புக்கு அடுத்த 24 அல்லது 30 மணி நேரத்தில் காற்று, மேகம், பார்வைத் தொலைவு ஆகியவை எப்படி இருக்கும் என்று சொல்வது. மூன்றாவது, தனிப்பயன் முன்னறிவிப்பு. இன்னார், இன்ன விமானத்தில், இன்ன நேரத்தில், இன்ன பாதையில் செல்லும்போது எதை எதிர்கொள்வார் என்று அந்தப் பொதுத் தகவலை அவருக்காக மொழிபெயர்த்துத் தருவது.

அமெரிக்காவில் முதல் இரண்டு அடுக்குகளும் வரிப்பணத்தில் உருவாகி அனைவருக்கும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால், அவற்றில் இடைவெளிகள் உண்டு. விமானத் தளத்துக்கான முன்னறிவிப்பு, அத்தளத்தைச் சுற்றி ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஆரத்துக்கு மட்டுமே பொருந்தும். அதுவும் ஏறத்தாழ 700 தளங்களுக்கு மட்டுமே வெளியிடப்படுகிறது. 5,000 தளங்களில் மீதமுள்ளவற்றுக்குச் செல்பவர், பக்கத்துத் தளத்தின் கணிப்பையும் பரப்புக் கணிப்பையும் இணைத்துத் தாமே ஊகித்துக்கொள்ள வேண்டும். இரு தளங்களுக்கு இடையே ஒரு மலைத்தொடரோ ஏரியோ இருந்தால் அந்த ஊகம் எளிதில் பொய்த்துவிடும்.

மூன்றாவது அடுக்கை நிரப்ப அங்கே இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பறப்புச் சேவை நிலையம். விமானி கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் அழைத்துத் தம் பாதையையும் புறப்படும் நேரத்தையும் சொன்னால், பயிற்சி பெற்ற அலுவலர் ஒருவர் அந்தப் பாதைக்குரிய வானிலையை எடுத்துரைப்பார். அவர் புதிதாகக் கணிப்பு எதையும் செய்ய மாட்டார். இருக்கும் கணிப்பை விளக்குவதே அவர் பணி. இந்தப் பணி 2005-இல் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்திடம் ஒப்பந்தத்தில் விடப்பட்டது. பின்னர் லெய்டோஸ் நிறுவனத்தின் பொறுப்புக்கு மாறியது. நடத்துவது தனியார் என்றாலும் செலவு அரசுடையது. விமானிக்கு அது இலவசம். மற்றொரு வழி, சந்தா செலுத்திப் பெறும் கைக்கணினிச் செயலிகளும், கட்டணம் பெற்றுக்கொண்டு ஆலோசனை தரும் தனியார் வானிலையாளர்களும்.

ஐரோப்பாவில் நடைமுறை வேறு. ஜெர்மனியின் தேசிய வானிலைச் சேவை, விமானிகளுக்கென ஆண்டுச் சந்தாவுடன் கூடிய இணையச் சேவையை நடத்திவந்திருக்கிறது. அரசு நிறுவனமே பயனாளியிடம் நேரடியாகக் கட்டணம் பெறும் மரபு அது. அமெரிக்க மரபோ, வரிப்பணத்தில் உருவான தரவு வரி செலுத்தியவருக்கே சொந்தம் என்பது.

பொருளியல் என்ன சொல்கிறது?

இல்லினாய் ஆய்வு நடந்த அதே 1954-இல்தான், பொதுப்பண்டங்கள் குறித்த புகழ்பெற்ற கட்டுரையைப் பால் சாமுவேல்சன் வெளியிட்டார். ஒருவர் நுகர்வதால் மற்றவருக்குக் குறையாத பண்டம் பொதுப்பண்டம். இன்று மாலை வடமேற்கில் இடிமழை உருவாகும் என்ற கணிப்பை ஒருவர் படித்தாலும் ஒரு லட்சம் பேர் படித்தாலும் அதைத் தயாரிக்கும் செலவு ஒன்றுதான். கூடுதலாக ஒருவருக்குத் தருவதற்கான இறுதிநிலைச் செலவு ஏறத்தாழ பூஜ்யம். செலவே இல்லாத ஒன்றுக்கு விலை வைத்தால், வாங்க இயலாதவர்களும் மனமில்லாதவர்களும் விலக்கப்படுகிறார்கள். அவர்களை விலக்கியதால் யாருக்கும் எந்தச் சேமிப்பும் இல்லை. முதல் இரண்டு அடுக்குகளும் இலவசமாக இருக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு வாதமே போதுமானது.

மூன்றாவது அடுக்கு அப்படிப்பட்டதல்ல. தொலைபேசியில் ஒரு விமானிக்கு விளக்கம் அளிக்கும் அலுவலரின் பத்து நிமிடம், அதே நேரத்தில் இன்னொருவருக்குக் கிடைக்காது. 58 நிலையங்களாக இருந்த இச்சேவை ஒப்பந்தத்துக்குப் பின் சுருக்கப்பட்டபோது, 2007-இல் அழைப்பாளர்கள் நெடுநேரம் காத்திருக்க நேர்ந்ததும் புகார்கள் குவிந்ததும் இதைத்தான் காட்டின. தட்டுப்பாடு உள்ள பண்டத்துக்கு விலை வைப்பதில் தவறில்லை என்பது பாடநூல் பொருளியல். தனிப்பயன் சேவைக்குக் கட்டணம் கேட்பவர்களின் வலுவான வாதமும் இதுவே.

இந்த வாதத்தை நான் புறந்தள்ளவில்லை. ஆனால், இது முழுமையற்றது. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதல் காரணம், தகவல் என்ற பண்டத்தின் இயல்பு. கென்னத் ஆரோ 1962-இல் சுட்டிக்காட்டியபடி, ஒரு தகவலின் மதிப்பு அதைத் தெரிந்துகொள்ளும்வரை வாங்குபவருக்குத் தெரியாது. தெரிந்துகொண்டபின் அதை வாங்க வேண்டிய தேவையே இல்லை. மாம்பழத்தை முகர்ந்து பார்த்து வாங்கலாம். எச்சரிக்கையை அப்படி வாங்க இயலாது. இதில் சுவையான செய்தி ஒன்று உண்டு. ஆரோ, இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படையின் வானிலை அதிகாரியாகப் பணியாற்றியவர். 1949-இல் வெளிவந்த அவரது முதல் ஆய்வுக் கட்டுரையே, காற்றின் திசையைப் பயன்படுத்தி விமானப் பாதையை எப்படி உகந்ததாக வகுப்பது என்பதைப் பற்றியதுதான். ஒரு மாதத்துக்கு முன்கூட்டியே தரப்படும் கணிப்புகள் குருட்டாம்போக்கில் சொல்வதைவிடச் சிறந்தவை அல்ல என்று அவரது குழு கண்டறிந்து மேலிடத்துக்குத் தெரிவித்தது. அவை பயனற்றவை என்பது தளபதிக்குத் தெரியும், ஆயினும் திட்டமிடுவதற்கு அவை அவருக்குத் தேவைப்படுகின்றன என்ற பொருளில் பதில் வந்ததாக ஆரோ பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். வாங்குபவர் தரத்தைப் பார்த்துத்தான் வாங்குவார் என்ற எதிர்பார்ப்பு இந்தச் சந்தையில் செல்லுபடியாகாது.

இரண்டாம் காரணம், புறவிளைவு. எச்சரிக்கையை வாங்காமல் விட்ட விமானி தம் உயிரை மட்டும் பணயம் வைப்பதில்லை. 1999 ஜூலை 16 இரவு, ஜான் எஃப். கென்னடி ஜூனியர் நியூஜெர்சியிலிருந்து மார்த்தாஸ் வின்யார்ட் தீவை நோக்கிச் சிறு விமானத்தை ஓட்டிச் சென்றார். கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும் தகுதிச் சான்று அவரிடம் இல்லை. விமானம் கடலில் விழுந்ததில் அவருடன் அவரது மனைவியும் மனைவியின் சகோதரியும் உயிரிழந்தார்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் பல நாள்கள் தேடின. அந்தத் தேடலின் செலவு பொதுநிதியிலிருந்து வந்தது. விமானியின் கட்டண முடிவில், உடன் சென்றவர்களின் உயிரும் மீட்புச் செலவும் கணக்கில் வருவதில்லை.

இந்த விபத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. புறப்படும் முன் இணையத்தின் வழியாக அவர் வானிலைத் தகவலைப் பெற்றிருந்தார் என்று விசாரணை கூறியது. அந்தத் தகவலின்படி, கண்பார்வையைக் கொண்டு பறப்பதற்குத் தடையான நிலை எதுவும் இல்லை. ஆனால், அன்றிரவு கடலின் மேல் மூட்டம் படர்ந்து, அடிவானம் தெரியாதிருந்ததை வேறு விமானிகள் பின்னர் தெரிவித்தார்கள். திசையுணர்வு குழம்பிக் கட்டுப்பாட்டை இழந்ததே காரணம் என்பது விசாரணையின் முடிவு. எண்கள் சரியாகவே இருந்தன. கருவிப் பயிற்சி முடிக்காத ஒருவர், இருட்டில், மூட்டத்தில், நீர்ப்பரப்பைக் கடந்தால் அந்த எண்களுக்கு என்ன பொருள் என்பது அவற்றில் இல்லை. யாரேனும் சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பார் என்று உறுதி கூற இயலாது. ஆனால், தனிப்பயன் விளக்கம் என்பது வெறும் வசதி அல்ல என்பதை இது காட்டுகிறது.

மூன்றாம் காரணம், நேரம். ஒலியின் வேகத்தைப்போல் இரு மடங்கு வேகத்தில் 1953-இல் முதன்முதலாகப் பறந்தவர் ஸ்காட் கிராஸ்ஃபீல்ட். 2006 ஏப்ரலில், தமது சிறு விமானத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் மேல் பறந்தபோது இடிமழையில் சிக்கி அவர் உயிரிழந்தார். புறப்படும் முன் அவர் வானிலை விளக்கம் பெற்றிருந்தார். பறக்கும்போது புதுப்பித்த தகவலைப் பெறாததையும், அவரை எச்சரித்து விலக்க வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் தவறியதையும் விபத்துக்கான காரணங்களாக விசாரணை குறிப்பிட்டது. உலகின் தேர்ந்த விமானிகளுள் ஒருவருக்கே இந்நிலை. வானிலைத் தகவல் ஒரு முறை வாங்கி வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல. மணிக்கு மணி கெட்டுப்போகும் பண்டம் அது. திரும்பத் திரும்பக் கேட்டால்தான் பயன்.

கட்டணம் எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதே முக்கியம்

இந்த மூன்றாம் காரணமே என் வாதத்தின் மையம். தனிப்பயன் முன்னறிவிப்புக்குக் கட்டணம் வேண்டுமா என்ற கேள்வியைவிட, அந்தக் கட்டணம் எந்தக் கணத்தில் வசூலிக்கப்படுகிறது என்பதே பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு அழைப்புக்கும் கட்டணம் என்று வைத்தால், சந்தேகம் எழும் ஒவ்வொரு முறையும் அந்தச் சந்தேகத்துக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. காலையில் ஒருமுறை கேட்டாயிற்று, மறுபடி ஏன் செலவழிக்க வேண்டும் என்று மனம் கணக்குப் போடும். மிகுந்த ஐயம் உள்ளவரே மிகுதியாகக் கட்டணம் செலுத்த நேரிடும். துணிச்சல்காரருக்குச் செலவே இருக்காது. நாம் விரும்புவதற்கு நேர் எதிரான ஊக்கத்தொகை இது.

கலங்கரை விளக்கத்தின் வரலாறு இங்கே உதவுகிறது. தனியார் நடத்தவே முடியாத பொதுப்பண்டத்துக்கு உதாரணமாகப் பொருளியல் நூல்கள் கலங்கரை விளக்கத்தைக் காட்டிவந்தன. இங்கிலாந்தில் அவற்றைத் தனியார் கட்டி நடத்தியதுண்டு என்று ரொனால்ட் கோஸ் 1974-இல் எழுதிய கட்டுரை அந்த உதாரணத்தை அசைத்துப் பார்த்தது. ஆனால், கட்டணம் வசூலிக்கும் உரிமை அரசு அளித்தது என்பதையும், வசூல் துறைமுகத்தில் நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கப்பல் துறைமுகத்தை அடைந்தபின் அதன் அளவுக்கேற்பக் கட்டணம் பெறப்பட்டது. புயலில் தத்தளிக்கும் மாலுமி விளக்கை நோக்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் காசு கேட்கப்படவில்லை. விளக்குக்கு விலை இருந்தது. விளக்கைப் பார்ப்பதற்கு விலை இல்லை. கட்டணத்தையும் பயன்பாட்டையும் இப்படிப் பிரித்துவைப்பதே தக்க வழி.

அமெரிக்காவில் இதற்கான ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. சிறு விமானங்கள் பயன்படுத்தும் பெட்ரோல் மீது காலனுக்கு 19.4 சென்ட் கூட்டாட்சி வரி விதிக்கப்படுகிறது. அதில் மிகப் பெரும்பகுதி விமானத் தளங்களுக்கும் வான்வழிகளுக்குமான தனி நிதியத்தைச் சேர்கிறது. மணிக்கு எட்டு அல்லது ஒன்பது காலன் எரிக்கும் நான்கு இருக்கை விமானம் ஒன்று, ஒரு மணி நேரப் பறப்புக்கு ஏறத்தாழ 1.65 டாலர் செலுத்துகிறது. அதிகம் பறப்பவர் அதிகம் செலுத்துகிறார். எச்சரிக்கையை எத்தனை முறை கேட்டாலும் அந்தத் தொகை கூடுவதில்லை.

எதிர்வாதங்கள்

ஏழை வரிசெலுத்துநர் ஏன் பணக்காரரின் பொழுதுபோக்குக்கு மானியம் தர வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. எரிபொருள் வரி சிறு விமானங்கள் பெறும் சேவைகளின் முழுச் செலவையும் ஈடுசெய்வதில்லை என்று பெரிய விமான நிறுவனங்கள் நீண்டகாலமாக வாதிட்டு வருகின்றன. அது உண்மையானால், அதற்கான பதில் வரியைச் சில சென்ட் உயர்த்துவதுதான். தொலைபேசியில் கட்டண மணி ஒலிக்கவிடுவது அல்ல. மேலும், முதல் இரண்டு அடுக்குகள் விமானிகளுக்காக மட்டும் உருவானவை அல்ல. அதே ரேடார்தான் சூறாவளியைப் பற்றி விவசாயியை எச்சரிக்கிறது.

இரண்டாவது எதிர்வாதம், தகவல் பெருகினால் துணிச்சலும் பெருகும் என்பது. கார்களின் பாதுகாப்பு வசதிகள் கூடும்போது ஓட்டுநர்களின் எச்சரிக்கை குறையக்கூடும் என்று சாம் பெல்ட்ஸ்மன் 1975-இல் வாதிட்டார். விமானத்தில் இதற்குச் சான்று உண்டு. ஓட்டும் அறையில் தெரியும் ரேடார் படம், அதில் குறிப்பிடப்பட்டிருக்கும் நேரத்தைவிட 15 முதல் 20 நிமிடம்வரை பழையதாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் எச்சரித்தது. அந்தப் படத்தை நம்பி இரு இடிமேகங்களுக்கு இடையே நுழைந்துவிடலாம் என்று முயல்பவர், இடைவெளி ஏற்கெனவே மூடிக்கொண்டதை அறிய மாட்டார். இது தகவலை மறுப்பதற்கான வாதம் அல்ல. படத்துடன் விளக்கமும் வேண்டும் என்பதற்கான வாதம். காசு கொடுத்து வாங்கியவருக்கு அந்தப் படத்தின் மீது கூடுதல் நம்பிக்கை பிறக்கும் என்பதால், சந்தைக்கு இதில் தனிப்பொறுப்பு உண்டு.

மூன்றாவது எதிர்வாதம், தனியார் துறையின் திறன். இதை நான் மறுக்கவில்லை. எளிதில் புரியும் வரைபடங்கள், எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் பாதைகள், பயணத் திட்டமிடல் ஆகியவற்றில் சந்தா நிறுவனங்கள் அரசு இணையதளங்களை விஞ்சியிருக்கின்றன. நேரத்தையும் பணத்தையும் மிச்சப்படுத்தும் சேவைக்கு, அதனால் பயன்பெறுபவர் விலை கொடுப்பதே முறை. நிறுவனத் தலைவரைச் சுமந்து செல்லும் சொகுசு ஜெட் விமானத்துக்குத் தனி வானிலையாளரை அமர்த்திக்கொள்வதை யாரும் தடுக்க வேண்டியதில்லை.

ஆபத்து தொடங்குவது, தனியார் சேவை வளர்வதற்காகப் பொதுச் சேவையைக் குறுக்க வேண்டும் என்று கேட்கும்போதுதான். 2005-இல், தனியார் நிறுவனங்கள் வழங்கும் சேவைகளில் அரசு வானிலைத் துறை போட்டியிடக் கூடாது என்ற நோக்கில் ரிக் சான்டோரம் என்ற செனட்டர் மசோதா கொண்டுவந்தார். அக்யூவெதர் நிறுவனத்தின் தலைமையகம் அமைந்துள்ள பென்சில்வேனியாவின் பிரதிநிதி அவர். விமானிகளின் சங்கங்கள் உள்ளிட்டோரின் எதிர்ப்புக்கிடையே அது குழுவிலேயே முடங்கியது. ஆனால், அந்தச் சிந்தனை முடங்கவில்லை. அரசின் முன்னறிவிப்புப் பணியை முழுமையாக வணிகமயமாக்க வேண்டும் என்று ஹெரிடேஜ் அறக்கட்டளை 2023-இல் வெளியிட்ட கொள்கை ஆவணம் பரிந்துரைத்தது. 2025-இல் வானிலைத் துறை நூற்றுக்கணக்கான பணியாளர்களை இழந்தது. சில நிலையங்களில் பலூன் செலுத்தும் பணி குறைக்கப்பட்டது. தனியார் செயலிகளின் அழகான வரைபடங்களுக்கு அடியில் இருப்பது இந்தப் பலூன்களும் ரேடார்களும் தரும் பொதுத் தரவுதான். அடித்தளத்தை அரித்துவிட்டு மாடியில் கட்டணம் வசூலிப்பது நீடிக்காது.

எச்சரிக்கையை நிறுத்திப் பார்த்த அனுபவம் வரலாற்றில் உண்டு. 1859-இல் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையில் புயலில் மோதி ஏறத்தாழ 450 பேர் மாண்டார்கள். அதன் தாக்கத்தில், ராபர்ட் ஃபிட்ஸ்ராய் 1861-இல் பிரிட்டனின் துறைமுகங்களுக்குப் புயல் எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். அவர் மறைந்தபின், அறிவியல் அடிப்படை போதாது என்று கூறி 1866-இல் அது நிறுத்தப்பட்டது. கடலோடிகளும் துறைமுகத்தாரும் ஓயாமல் கோரியதால் மறு ஆண்டே புயல் எச்சரிக்கை திரும்ப வந்தது. எச்சரிக்கை அரைகுறையானது என்று அறிஞர்கள் சொன்னபோதும், அதைச் சார்ந்து பிழைத்தவர்களுக்கு அதன் மதிப்பு தெரிந்திருந்தது.

நம் கரைக்கும் உரிய கேள்வி

நம் நாட்டில் சொந்த விமானம் ஓட்டுபவர்கள் மிகச் சிலரே. ஆனால், இதே கேள்வியைக் கட்டுமரத்திலும் விசைப்படகிலும் சுமந்து செல்பவர்கள் பல லட்சம் பேர். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் தாக்கியபோது, கன்னியாகுமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் ஏற்கெனவே கடலில் இருந்தார்கள். கரையில் வெளியான எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. பொது முன்னறிவிப்பு இருந்தும், இன்ன இடத்தில் இருக்கும் இன்ன படகுக்கு என்ற மூன்றாவது அடுக்கு இல்லாததன் விளைவு அது.

அதன்பின் 2019-இல், ஜெமினி என்ற கருவி அறிமுகமானது. கைபேசி அலைவரிசை எட்டாத கடற்பரப்பிலும் எச்சரிக்கையைப் பெற்று மீனவரின் கைபேசிக்குத் தரும் கருவி அது. அது பயன்படுத்தும் ககன் செயற்கைக்கோள் அமைப்பு, இஸ்ரோவும் இந்திய விமான நிலைய ஆணையமும் விமானங்களின் வழிகாட்டலுக்காக உருவாக்கியது. வானில் பறப்பவருக்காகப் பொதுநிதியில் அமைக்கப்பட்ட ஒன்று, கடலில் செல்பவருக்கும் பயன்படுகிறது. மத்திய அரசு 2024-இல் மிஷன் மௌசம் திட்டத்துக்கு 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. அவதானிப்பும் கணிப்பும் அதனால் மேம்படும். அந்த மேம்பாட்டைப் படகுவரை, வயல்வரை கொண்டுசேர்க்கும் மூன்றாவது அடுக்கை யார் தருவார், எந்தக் கட்டணத்தில் தருவார் என்பதை இப்போதே தீர்மானிக்க வேண்டும்.

விமானிகளின் அனுபவத்திலிருந்து நான் பெறும் விதிகள் நான்கு. அவதானிப்பும் பொது முன்னறிவிப்பும் ஆபத்து எச்சரிக்கையும் எவருக்கும் எப்போதும் இலவசமாக இருக்க வேண்டும். அந்தத் தகவலைத் தனிமனிதரின் பயணத்துக்குப் பொருத்திச் சொல்லும் மனித விளக்கம், பாதுகாப்பைப் பொறுத்தமட்டில், கேட்கும் கணத்தில் கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும். அதன் செலவை எரிபொருள் வரி, உரிமக் கட்டணம் போன்று முன்கூட்டியே செலுத்தும் வழிகளில் பெறலாம். வசதி, வேகம், எரிபொருள் சிக்கனம் ஆகியவற்றுக்கான தனிப்பயன் சேவையைச் சந்தைக்கு விடலாம். பொதுத் தரவைக் கொண்டு தொழில் நடத்தும் நிறுவனம், தன் தகவலின் வயதையும் ஐயப்பாட்டையும் வாடிக்கையாளருக்கு மறைக்காமல் சொல்ல வேண்டும்; உயிராபத்தை முன்கூட்டி அறிந்தால் சந்தா செலுத்தாதவருக்கும் அது சென்றுசேர வழிசெய்ய வேண்டும்.

அலாஸ்காவில் அமெரிக்க அரசு 200-க்கும் மேற்பட்ட இடங்களில் வானிலைக் கேமராக்களை நிறுவி, மலைக் கணவாய்களின் படங்களைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை இணையத்தில் இலவசமாக வெளியிடுகிறது. சாலைகளே இல்லாத ஊர்களுக்கு அஞ்சலும் மருந்தும் ஏற்றிச் செல்லும் விமானிகள் புறப்படும் முன் அந்தப் படங்களைப் பார்க்கிறார்கள். கணவாயை மேகம் மூடியிருந்தால் காத்திருக்கிறார்கள். எத்தனை முறை பார்த்தாலும் அவர்களுக்குச் செலவில்லை. எனவே, ஐயம் தீரும்வரை பார்க்கிறார்கள். வானிலைச் சேவைக்குக் கட்டண விகிதம் வகுக்க அமரும் எந்த அரசும், அந்தத் தயக்கத்துக்கு விலை ஏறாமல் இருக்கிறதா என்பதை முதலில் சரிபார்க்க வேண்டும்.